சாமத்திய வீட்டில் மாமா சொன்னதும் மருமகன் விழுங்கியதும்

வாசகர் கேள்வி, 03.07.2024

கலியாணம் முடித்து எட்டு மாதமாகிறது. மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிகுடியில் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். சென்ற ஞாயிறு மனைவியின் தங்கைக்குச் சாமத்திய வீடு (பூப்பு விழா) நடந்தது. மதியப் பந்தியில் மாமனாரின் தமையன், காத்தான்குடி முஸ்லிம் கடைகளில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிடுகிறவனுக்குப் பிள்ளை பிறக்காது, சோனிகள் (முஸ்லிம்களைக் குறிக்கும் இளக்காரச் சொல்) அதற்குள் மாத்திரை போடுகிறார்கள் என்று உரத்த குரலில் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். கதிரையும் கொட்டகையும் வாடகைக்குத் தந்த காத்தான்குடிக்காரர் ஐந்தடி தள்ளி நின்று கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. புது மருமகன் சபையில் பெரியவரை மறுத்துப் பேசலாமா? பேசுவதென்றால் எப்படிப் பேசுவது?

04.07.2024

பேசியிருக்கலாம். பேசாமல் விட்டது பெரிய பாதகமுமல்ல, ஆனால் சின்ன விஷயமுமல்ல.

நான் காரைதீவில் பிறந்து பாண்டிருப்பில் கலியாணம் முடித்தவன். சாய்ந்தமருது, நிந்தவூர் என்ற இரண்டு முஸ்லிம் ஊர்களுக்கு நடுவில் வளர்ந்த எவனுக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. 2018 மார்ச்சில் எங்கள் வீட்டில் மாமியாரின் ஆண்டுத் திவசம் நடந்தபோது, சின்ன மாமா இதே மாத்திரைக் கதையைச் சொன்னார். நான் சோற்றில் கை வைத்தபடியே, "எந்தக் கடை மாமா? சாப்பிட்டது யார்? பேரைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவருக்குப் பேர் தெரியவில்லை. கதை அங்கேயே படுத்துவிட்டது. ஆகவே என் ஆலோசனை சுருக்கமானது: பிரசங்கம் செய்யாதீர்கள், பேர் கேளுங்கள். இந்த வகைப் பேச்சு "அவங்கள்" என்ற ஒரு சொல்லின் முதுகில் ஏறித்தான் ஊர் சுற்றுகிறது. அந்தச் சொல்லைப் பிடித்து நிறுத்தி, அவங்களில் யார் என்று கேட்டால், ஏறி வந்தவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

06.07.2024

மாத்திரைக் கதை எங்கே முளைத்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம் கிழக்கு மாகாணத்தில்தான் முளைத்தது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய உணவகம் ஒன்றில் சாப்பிட வந்தவர்கள், கறிக்குள் கிடந்த வெள்ளைக் கட்டி ஒன்றைக் காட்டி, இது மலடாக்கும் மாத்திரை என்று சத்தம் போட்டார்கள். கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. சூழ்ந்து நின்று கேட்டவர்களிடம் பயத்தில் அவர் குழறிய பதில், "ஓம், போட்டோம்" என்பதுபோல் ஒலித்தது. அது படமாகி முகநூலில் பரவியது. அன்றிரவே உணவகம் நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்து, அது வெறும் மாவு என்றார். சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் இல்லவே இல்லை. ஆனால் மாவுக்கட்டி என்று தெரிய வருவதற்குள் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத் தீ கண்டி மாவட்டத்துத் திகனவுக்குப் போய்விட்டது. மார்ச் 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்த மனிதர் அகப்பட்டதற்கு ஒரு காரணம், சிங்களக் கூட்டத்துக்கு நடுவில் அவருக்குத் தமிழ் மட்டுமே ஒழுங்காக வந்தது என்பதாகும். சோதனைச் சாவடியில் அதே மொழிக்காக அதே முழி முழித்து நின்ற தலைமுறை நாங்கள். அந்தக் கதையைத் தமிழில், தமிழ் வீட்டுப் பந்தியில், சிரித்துச் சொல்கிறோம்.

06.07.2024, இரவு

திருத்தம். 04 ஆம் திகதிக் குறிப்பை மனைவி வாசித்தார். "பேரைச் சொல்லுங்கள்" என்று சின்ன மாமாவிடம் கேட்டது நானல்ல, அவர். குசினி வாசலில் நின்று, கையில் சொதிச் சட்டியுடன் கேட்டார். நான் சோற்றில் கை வைத்திருந்தது மட்டும் உண்மை. இத்தனை வருடமாக நானே கேட்டதாகத்தான் நினைத்திருந்தேன்; இதைப் பொய் என்று சொல்வதா, மறதி என்று சொல்வதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை.

09.07.2024

திருத்தம் செய்தபின் மூன்று நாள் அதையே யோசித்தேன். அவரால் கேட்க முடிந்ததும் என்னால் முடியாததும் தைரியத்தின் வித்தியாசம் மட்டுமல்ல.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. தாய் வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருகிறான். நாற்பது வருடம் இருந்தாலும் அவன் வந்தவன்தான். குடி என்கிற குல வழியும் தாய் வழிதான். யாழ்ப்பாணத்து நண்பருக்கு இதை விளக்க ஒரு மாலை முழுவதும் போனது. ஆகவே சபையில் சின்ன மாமாவை நான் மறுத்திருந்தால், அது வந்தவன் வீட்டு உறவை அவமதித்ததாக முடிந்திருக்கும்; பேச்சு மாத்திரையிலிருந்து விலகி என் மரியாதைக் குறைவுக்கு மாறியிருக்கும். மனைவி கேட்டபோது வீடே கேட்டது. அது அவர் தாயின் திவசம், அவர் சமைத்த சோறு, அவர் காணி. அதற்குச் சின்ன மாமாவிடம் பதில் இருக்கவில்லை.

ஆகையால் களுவாஞ்சிகுடி மருமகனே, நான் 04 ஆம் திகதி தந்த ஆலோசனையில் பாதியை மீளப் பெறுகிறேன். கேள்வி சரியானது, கேட்க வேண்டிய வாய் வேறு. அன்றிரவு உங்கள் மனைவியிடம் இதைப் பேசினீர்களா? மாமியாரிடம்? வீட்டுக்கு உரியவர், "என் வீட்டுப் பந்தியில் இந்தக் கதை வேண்டாம்" என்று சொன்னால் அது விருந்தோம்பலின் சட்டமாகிவிடும். அதை மீறுகிறவர்தான் மரியாதை கெட்டவர்.

(இதே தாய்வழி, இதே குடி முறை, மகளுக்கு வீடு கொடுக்கும் இதே வழக்கம் காத்தான்குடி, சம்மாந்துறை முஸ்லிம்களிடமும் உண்டு. ஒரே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடிக்கிறவர்கள் நாங்கள்.)

10.07.2024

பெண்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிறேன் என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். சரியான கண்டனம். மனைவியும் அதையே சொன்னார், கொஞ்சம் நீளமாக.

14.07.2024

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். வாசகரின் பெரிய மாமா 1990 இல் தம்பியைப் பறிகொடுத்தவராம். என் சின்ன மாமாவும் அப்படித்தான். அவர் வீரமுனைக்காரர். ஆகஸ்ட் 12 ஆம் திகதி பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை வெட்டியும் சுட்டும் கொன்றபோது அவருடைய தமையன் அங்கே இருந்தார். ஊர்காவல் படையில் இருந்த அயல் ஊர் முஸ்லிம்களைத்தான் அவர் இன்றைக்கும் குற்றம் சொல்கிறார். அந்த மனிதரிடம் போய் "இனவாதம் பேசாதீர்கள்" என்று சொல்வது, ஆறாத புண்ணின் மீது நோட்டீஸ் ஒட்டுவது போன்றது.

ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். அதற்கு ஒன்பது நாள் முன்னர், ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் பிள்ளைகளும் பெண்களுமாக நூற்றுக்கும் மேல். அவை புலிகள் செய்தவை. அடுத்து வீரமுனை. செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. எல்லாம் நாற்பது நாளுக்குள். ஒவ்வொரு வீடும் இந்த நாட்காட்டியைத் தனக்கு வசதியான திகதியில் திறந்து வைத்திருக்கிறது. என் வீட்டில் அது ஆகஸ்ட் 12 இல் திறக்கும். காத்தான்குடி வீட்டில் 3 இல் திறக்கும். முந்திய தாளைப் புரட்ட இரு பக்கமும் கை வருவதில்லை.

சின்ன மாமாவின் தமையனைப் பற்றி அவர் பேசும்போது நான் கேட்டுக்கொண்டிருப்பேன்; எத்தனை தரமானாலும் கேட்பேன். அந்த இழப்பும் கொத்து ரொட்டி மாத்திரையும் ஒரே வாயிலிருந்து வருவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. முதலாவது சாட்சியம். இரண்டாவது பந்தியில் நாலு பேரைச் சிரிக்க வைப்பதற்காக முகநூலில் பொறுக்கியது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் அவருடைய தமையனுக்குச் செய்யும் மரியாதை என்று இன்று தோன்றுகிறது. அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

15.07.2024

நேற்றையதில் 1985 ஐ விட்டுவிட்டேன். அந்த ஏப்ரலில் காரைதீவு எரிந்தது, எங்கள் வீடும் எரிந்தது. அப்போது எனக்கு இருபது வயது. வேண்டுமென்று விடவில்லை. எழுதினால் என் நாட்காட்டியும் எங்கே திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமே என்று உள்ளுக்குள் ஒரு கள்ளம் இருந்திருக்கலாம்.

19.07.2024

சட்டம் இல்லையா என்கிறார் ஒருவர். இருக்கிறது. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டத்தின் பெயரால் பிடிபட்டவர்களைப் பாருங்கள்: 2020 ஏப்ரலில், வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்வோம் என்று முகநூலில் எழுதிய முஸ்லிம் ஒருவர் பிடிபட்டு மாதக்கணக்கில் மறியலில் இருந்தார். அது அவருடைய அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2023 ஆகிவிட்டது. சாமத்திய வீட்டுக்கு அந்தச் சட்டத்தை அழைத்து வர வேண்டாம். கதிரை எண்ணியவரைத்தான் முதலில் கொண்டு போவார்கள்.

25.07.2024

கொரோனாக் காலத்தில் உடல்களைக் கட்டாயமாக எரித்ததற்கு முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்திருப்பதாக இந்த வாரம் செய்தி வந்திருக்கிறது. இதை எழுதாமல் இந்த இழையில் மேலும் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளான சிசுவை எரித்த செய்தி வந்த கிழமை, நான் ஒரு செத்த வீட்டில் இருந்தேன். தேநீர் வந்தது. ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் ஒருவர், குரலை உயர்த்தாமல், நியாயம் பேசும் தொனியில், "எரித்தால் என்ன, நாங்களும் எரிக்கிறோம்தானே, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே" என்றார். நான் தலையாட்டினேன். அமைதியாக இருந்ததாகச் சொல்லித் தப்ப முடியாது, ஆட்டினேன். அந்தத் தொனிக்கு ஆட்டினேன். சோனி என்ற சொல் அதில் இல்லை, கேலி இல்லை, ஒரு படித்த மனிதர் சமத்துவம் பேசினார். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தது. இதைவிட வெட்கம், எங்கள் ஊர்ப் பக்கத்தில் சைவர்களிலும் பலர் புதைக்கிறவர்கள். நாங்கள் அன்று கூடியிருந்த வீட்டிலிருந்து போன உடலும் எரியவில்லை, குழிக்குள்தான் போனது. அந்த முற்றத்தில் இருந்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

2021 பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்குப் புறப்பட்ட பேரணியின் கோரிக்கைகளில் ஜனாஸா (இறந்த முஸ்லிமின் உடல்) எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. கரையோரத்தில் முஸ்லிம்களும் அதில் சேர்ந்து நடந்தார்கள். நான் கல்முனையில் வீதியோரம் நின்று பார்த்தேன். அடுத்த மாதம் ஓட்டமாவடியில் புதைக்க அனுமதி கிடைத்தது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் உடல் இங்கேதான் வர வேண்டியிருந்தது.

வசைச்சொல்லை மறுப்பது இலகு. எல்லோருக்கும் கேட்கும், அதன் முகம் தெரியும். நியாயத்தின் சட்டை போட்டு வருவதைத்தான் என்னால் அன்று அடையாளம் காண முடியவில்லை.

26.07.2024

"சோனகர் என்பது அரசாங்கமே எழுதுகிற பெயர்தானே, சோனியில் என்ன பிழை?" என்று கேட்டவருக்கு: ஆம், கணக்கெடுப்பில் இலங்கைச் சோனகர் என்றுதான் இருக்கிறது. ஒரு மனிதருடைய பெயரை முழுதாகச் சொல்வதற்கும், வாலை நறுக்கிவிட்டுச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு விளங்காவிட்டால், கொழும்பு பஸ்ஸில் யாராவது உங்களை "தெமளா" (சிங்களத்தில் தமிழன்) என்று கூப்பிடும் வரை காத்திருங்கள். அகராதிப்படி அதுவும் குற்றமில்லாத சொல்தான்.

05.08.2024

நேற்று மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம். முந்திய நாள் காத்தான்குடியில் ஆகஸ்ட் 3 நினைவு. இந்த வருடம் இரண்டும் அடுத்தடுத்த நாளில் விழுந்தன. மட்டக்களப்புக்குப் போன பஸ் காத்தான்குடிக்குள் மெதுவாக நகர்ந்தபோது, எனக்கு அருகில் இருந்தது சம்மாந்துறைக் காக்கா (வயதில் மூத்த முஸ்லிம்களை இங்கே அப்படித்தான் அழைப்போம்). எங்கள் வயல்கள் ஒரே வரம்பில் இருபத்தாறு வருடமாகக் கிடக்கின்றன. இந்த இழையைப் பற்றி அவரிடம் சொன்னேன். மெச்சுவார் என்று ஓர் ஆசை.

மெச்சவில்லை. "எங்கட கலியாண வீடுகளில் உங்களப் பத்தி என்ன கதைப்பாங்க எண்டு நினைக்கிறீங்க?" என்றார். பிறகு ஒரு சம்பவம் சொன்னார். கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்களாம். ஒருவர், தமிழர்களைக் கடையில் வேலைக்கு வைத்தால் ஒரு நாள் கழுத்தறுப்பார்கள் என்று ஆரம்பித்தார். காக்கா மறுத்துப் பேசவில்லை. கையைக் கழுவ எழும்பினார். ஒரே தட்டில் ஆறு பேர் சாப்பிடும்போது ஒருவர் பாதியில் எழும்பினால் மற்ற ஐந்து பேரின் கையும் அந்தரத்தில் நிற்கும். ஏன் எழும்பினீர்கள் என்று வீட்டுக்காரர் ஓடி வந்தார். "கதை கொஞ்சம் உறைப்பாப் போச்சு" என்று மட்டும் சொன்னாராம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வீட்டாருடன் இரண்டு வருடமாகப் போக்குவரத்து இல்லை என்றார். மறுத்துப் பேசுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் இதுவரை எழுதாமல் விட்டிருந்தேன், இதுதான் கிடைக்கும்.

06.08.2024

காக்கா எழும்பியதை நம் பந்தியிலும் செய்யலாமா? வேண்டாம். வாழையிலையைப் பாதியில் விட்டு எழும்பினால் சமைத்தவளுக்குத்தான் அவமானம், சொன்னவருக்கு ஒன்றுமில்லை. அவர் இரண்டாம் முறை பாயாசம் கேட்பார்.

08.08.2024

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கேள்விப்பட்டதாக ஆச்சரியப்படுகிறார். தேர்தல் வருகிறது, மேடைதோறும் அந்தக் குழல் அவியும், நீங்களும் கேட்பீர்கள். எங்களைப் பற்றி உங்கள் பக்கத்தில் வேறொன்றும் சொல்வார்களே: மட்டக்களப்புக்குப் போனால் மருந்து போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று. என் கலியாண நாட்களில் யாழ்ப்பாணத்து மேலதிகாரி ஒருவர் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாப்பாட்டில் மருந்து கலக்கும் இனம் என்று எங்களைச் சொன்ன பகிடியை விழுங்கியவர்கள், அதே மருந்தைக் காத்தான்குடிக் கொத்துக்குள் போட்டுவிட்டோம். இந்த ஒற்றுமை இவ்வளவு நாள் கண்ணில் படாதது எனக்கே வியப்பு.

18.08.2024

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார். கொட்டகைக் காசின் மிச்சத்தைக் கொடுக்கும் சாக்கில் காத்தான்குடிக்குப் போனாராம். மன்னிப்புக் கேட்பதற்கு நாலு வசனம் யோசித்து வைத்திருந்தாராம். கதிரைக்காரர் பிளேன்ரீ கொடுத்தார். வாசகர் மெல்ல விஷயத்தை எடுத்தபோது அவர் சொன்னது: "எண்ணிக்கை பிழைச்சா எனக்குத்தான் தம்பி நட்டம். அதான் நிப்பாட்டல்ல." அதற்குமேல் அவர் பேசவில்லை, இவருடைய நாலு வசனமும் தேநீரோடு இறங்கிவிட்டது.

முதலில் வாசித்தபோது, பெரிய மனசு, விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் முறை வாசித்தபோது அப்படித் தோன்றவில்லை. அவர் எதையும் விடவில்லை. தமிழ் வீடுகளில் கொட்டகை போட்டுப் பிழைக்க வேண்டியவர், கேட்டதைக் கேட்டதாக ஒப்புக்கொண்டால் அடுத்த சாமத்திய வீட்டுக்கு அழைப்பு வராது என்று கணக்குப் பார்த்திருக்கிறார். அவர் கணக்கில் பிழை இல்லை.

வாசகர் இன்னொன்றும் எழுதியிருந்தார். அவருடைய மனைவி தன் தாயிடம் பேசியிருக்கிறார். மாமியார் சொன்னது, "அந்தாளுக்கு வேறு கதை தெரியாது, அடுத்த முறை நான் பார்த்துக்கொள்கிறேன்." அடுத்த முறை எப்போது என்று தெரியாது. மூத்த மருமகளுக்கு ஐந்தாம் மாதமாம்.

31.08.2024

நேற்று எங்கள் வீட்டில் மகளின் கலியாண எழுத்து (பதிவு). சின்ன மாமா வந்திருந்தார். சம்மாந்துறைக் காக்காவும் குடும்பத்தோடு வந்து, பந்தியில் சின்ன மாமாவுக்கு நாலு இலை தள்ளி இருந்தார். காக்கா கை கழுவப் போனதும் சின்ன மாமா பக்கத்திலிருந்தவரிடம், "இவங்கள் இப்ப கல்முனையில…" என்று தொடங்கினார். தலை நிமிர்ந்தபோது குசினி வாசலில் மனைவி நின்றார். கையில் சொதிச் சட்டிகூட இல்லை.

இந்த முறை கேட்டது நான். மனைவி சாட்சி, திருத்தம் வராது. ஆனால் பேர் கேட்கவில்லை. "மாமா, உங்கட அண்ணன்ட திவசம் இந்த வருசம் வீரமுனையிலா செய்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோயிலில்தான் செய்ததாகவும், ஆள் குறைவு என்றும் சொன்னார். அடுத்த வருடம் நானும் வருகிறேன் என்றேன். காக்கா திரும்பி வந்து இருந்தார். சின்ன மாமா அவரைப் பார்த்து, நெல் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தார்.